கட்டிவைத்த கம்பி

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் சலவைக்கூடத்தில் நீராவி ஏறத் தொடங்கும். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் விரிப்புகளும் ஈரத்தோடு குவிந்து கிடக்கும். இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும்; மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். ஆறு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணில் இறங்கும் வியர்வையைத் துடைக்க ஒரு கை மிச்சமிருக்காது.

உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். தடித்த தையல் பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. மறுபடி ஓடவிட நாலு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு என்றிருந்ததை முதலாளி ஆயிரத்து நானூறு ஆக்கினார். குறைந்தால் எல்லோர் கூலியிலும் கைவைத்தார். அந்த வாரம்தான் பழைய விரிப்பொன்றைக் கிழித்து, அந்தக் கம்பியை அசையாமல் கட்டினேன். நான் அங்கே சூப்பர்வைசர். அதன்பிறகு அந்தக் கட்டு தளராமல் தினமும் காலையில் இறுக்குவதுதான் என் முதல் வேலை.

மூன்று வாரத்துக்கு முன் வாயாடியின் வலது கை உள்ளே போயிற்று. அவளை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்றும் தன் மாமியாரைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஈர விரிப்பு அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. கம்பி அசையவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன. அந்த வாடை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

நேற்றுக் காலை முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. போன மாசப் பயிற்சியில ஒரு தாள் குடுத்தாங்களே, இன்னும் நிரப்பித் தரலையே?"

'பணியிடத்தில் என் தலைமை எப்படிப்பட்டது?' என்று அதற்குத் தலைப்பு. ஆணையிடுபவரா, கலந்து பேசுபவரா, முன்னின்று செய்பவரா, பொறுப்பைப் பகிர்பவரா என்று நாலு கட்டங்கள்.

"நீங்க முன்ன நின்னு செய்யறவங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. மேனேஜர் வேலைக்கு உங்க பேரைத்தான் நினைச்சிருக்கேன். அப்படியே இதுலயும் ஒரு கையெழுத்து."

இன்னொரு தாளை நீட்டினார். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் காயம்பட்டவளே கம்பியைக் கட்டினாள் என்று அதில் அடித்திருந்தது.

"இது பொய்ங்க, சார்."

"அப்ப கட்டினது யாரு? சொல்லுங்க."

நான் அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"உங்களைக் காப்பாத்தறேன்மா. அவளுக்கு நஷ்டஈடு வராதுதான். ஏதோ கையில குடுத்து அனுப்பிடலாம். நாளைக்குக் காலையில எனக்கு இது வேணும்."

"போடலைன்னா?"

"கட்டினவங்கதான் பதில் சொல்லணும்."

மதியம் அழுக்குத்துணி பிரிக்கும் அறையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் தாளை எடுத்து உரக்கப் படித்தேன்.

"நான் இதுல எந்த ரகம்? நீங்களே சொல்லுங்க."

"முன்ன நின்னு செய்யற ரகம்தான்" என்றார் பாய்லர்காரர். "எங்க யாரையும் செய்ய விட்டாத்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பு வேலை பார்க்கும் உயரமான பெண், நாங்கள் நெட்டை என்போம், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்காவைக் குறை சொல்லாதீங்க. கம்பியைக் கட்ட வேணாம்னு நாம ரெண்டு தடவை சொன்னோம். அக்காவும் போய்ப் பேசினாங்க. அந்த ஆளு கேக்கலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் பேசவே இல்லை" என்றேன். "ரெண்டு தடவையும் அவர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

பதினொரு வருடமாக முதலாளியின் திட்டு இவர்கள்மேல் விழாமல் நான் நடுவில் நிற்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் குரல் அவர் காதில் விழாமல் நடுவில் நின்றதும் நான்தான். அதுதான் என் தலைமை. அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நெட்டை பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள்.

"இதை மனசுல வச்சுக்கிட்டா மூணு வாரமா எங்ககூட உட்காந்து சாப்பிட்டீங்க?"

இரண்டாவது தாளைக் கொடுத்தேன். பாய்லர்காரர் அதை மெதுவாகப் படித்துக் காட்டினார். யாரோ அழுதார்கள்.

"நான்தான் கட்டினேன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். பழி என்னோட போகட்டும்" என்றேன்.

"பாத்தீங்களா, மறுபடியும் தனியா!" என்று நெட்டை கத்தினாள். "நீங்க போனா இன்னொருத்தியைக் கட்ட வைப்பான். நீங்க கட்டினீங்கன்னு எழுதுங்க. எண்ணிக்கையை ஏத்தினது யாருன்னும் எழுதுங்க. அதைப் பாத்துக்கிட்டே நாங்க வேலை செஞ்சோம்னும் எழுதணும். எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்."

"இன்னும் கட்டியே கிடக்கிற அந்தக் கம்பியை அவுத்து, எண்ணிக்கையைக் குறைக்கிற வரைக்கும் நான் நீராவி ஏத்த மாட்டேன்" என்றார் பாய்லர்காரர்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர்களிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முதல்ல வாயாடிகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள் நெட்டை. "நாங்களும் வரோம்."

வேலை முடிந்ததும் போனோம். வாயாடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் பின்னால் மண்டியிட்டு அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வாயாடி கூச்சல் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

"உங்களை மன்னிக்க முடியலைக்கா" என்றாள் கடைசியில். "பின்னாடி முடியுமான்னும் தெரியலை."

"கேக்க வரலைம்மா."

அவள் என்னைத் தாண்டி, நாங்கள் எழுதிக் கையெழுத்திட்ட தாளை வைத்திருந்த நெட்டையைப் பார்த்தாள்.

"பேப்பரை இப்படி வை. இடது கையில எழுதிப் பழகறேன், கோணலாத்தான் வரும். நாளைக்கு எத்தனை மணிக்குப் போறோம்?"

"அஞ்சு மணிக்கு. நீ எதுக்குடி? வலியோட..."

"என் கையைப் பத்தி நான் இல்லாம பேசுவீங்களா? யாராவது முன்னாடியே வாங்க. சட்டை போட எனக்கு நேரமாகும்."

"நாலரைக்கே வரேன்" என்றாள் நெட்டை.