மாமனாரின் ஆணி

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் வீட்டு முன்னறையின் கிழக்குச் சுவரில் பதினோரு வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்த என் மாமனாரின் புகைப்படம் இறக்கப்பட்டது. ஆணி சுவரிலேயே இருந்தது.

இறக்கியது நான். விமானம் ஓட்டுவதற்கு வீட்டில் வேறு சுவர் இல்லை. மேற்கே பால்கனிக் கதவு, வடக்கே புத்தக அலமாரி, தெற்கே சமையலறைக்குப் போகும் வழி. கிழக்குச் சுவர் மட்டும் ஒன்பது அடி அகலத்துக்கு வெள்ளையாக, நடுவில் மாமனாரோடு, சும்மா நின்றுகொண்டிருந்தது.

நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் எட்டிய அதிகபட்ச உயரம் பத்தொன்பதாவது மாடி. அதுவும் நேர் மேலே போய் நேர் கீழே வருகிற பயணம். மற்ற திசைகளின் மேல் எனக்கு இருந்த ஆசையைக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாகச் சின்னத் திரையில் ஓட்டியவனுக்கு, அலுவலகக் கூட்ட அறையில் கழித்துக்கட்டிய ப்ரொஜெக்டர் கிடைத்தது. யாருக்கு வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது கையைத் தூக்கியவன் நான் ஒருவன்தான். அதில் நீல நிறம் கொஞ்சம் செத்துப்போயிருந்தது. ஆகவே என் வானம் எப்போதும் வெளிர் பச்சையாக இருக்கும்.

"அப்பாவ எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பீரோ மேல. தலையணை உறை போட்டு, பத்திரமா. ரெண்டே வாரம்."

"இருந்தவரைக்கும் ஒங்கள ரோட்டுல வண்டி ஓட்ட விடல. இப்ப அவர எறக்கி வச்சுட்டு ஏரோப்ளேன் ஓட்டுறீங்க."

இதற்கு விளக்கம் தேவை. மாமனார் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் தேர்வு நடத்துகிறவராக இருந்தார். கல்யாணத்துக்கு முன்பு என்னை மூன்று முறை தோற்கடித்தார். ஒவ்வொரு முறையும் மறுதேர்வுக்கு விண்ணப்பம், அதற்கு நகல்கள். அலுவலகத்துக்கு எதிரே இருந்த நகலகத்தில் வேலை பார்த்தவள் அவருடைய மகள். மூன்று முறை தோற்றதில் விளைந்ததுதான் எங்கள் கல்யாணம். பெண்ணைக் கொடுத்தார்; லைசென்ஸைக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கார் ஓட்டுவது அவள், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது நான். அதையும் அவள் கேட்பதில்லை.

தேர்வு மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். இரண்டாவது கம்பம் பக்கக் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டதும் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி கச்சிதமாக உள்ளே போய்விடும் என்று பயிற்சியில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதல் இரண்டு தடவை பதற்றத்தில் கோட்டைவிட்டேன். மூன்றாவது தடவை பதற்றமே இல்லை. அன்று காலை மாமனார் அந்தக் கம்பத்தை முக்கால் அடி நகர்த்தி வைத்திருந்தார். நான் நிதானமாக, முழு நம்பிக்கையோடு, சுவரில் போய் இடித்தேன்.

மாமனாரை இறக்கிய அன்று மாலை நான்கு மணி வாக்கில், ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டிவிட்டு முதல் விமானத்தை இறக்கினேன். நூற்றெண்பது இருக்கைகள் கொண்ட அந்த விமானம் ஓடுபாதைக்கு நானூறு மீட்டர் முன்பாகவே ஒரு கோழிப்பண்ணையின் மேல் இறங்கியது. எங்கள் இணையக் குழுவில் பதினோரு பேர் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். பயிற்சியிலிருந்து கேப்டன் பதவி வரை எல்லாம் அவர் தரவேண்டியது. அன்று அவர் எனக்குப் பதவி தரவில்லை, பெயர் வைத்தார். அதிலிருந்து குழுவில் நான் கோழிப்பண்ணை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆணியைக் கவனித்தேன். பச்சை வானமும் பழுப்பு நிலமும் சந்திக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே அது ஒரு கறுப்புப் புள்ளியாக நின்றது. ஓடுபாதையின் முனை ஆணியின் தலைக்கு நேர் கீழே வந்து, அங்கேயே அசையாமல் நின்றால் விமானம் ஒழுங்காக இறங்குகிறது. முனை ஆணிக்கு மேலே ஏறினால் நான் தாழ்ந்துகொண்டிருக்கிறேன். கீழே நழுவினால் உயர்ந்துகொண்டிருக்கிறேன். வேகம் காட்டும் முள், உயரம் காட்டும் எண்கள் எல்லாம் சுவரின் இடது மூலையில் இருந்தன. அந்த மூலைக்கு எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

படம் இம்மி நகர்ந்தாலும் ஆணி பொய் சொல்லும். அதனால் ப்ரொஜெக்டர் வைத்த முக்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மனைவி அந்த வட்டங்களைச் சுற்றிப் பெருக்கினாள்.

"லிஃப்ட் ரிப்பேருக்குப் போற வீட்லயெல்லாம் இப்படித்தான் கோலம் போட்டு வச்சுட்டு வருவீங்களா?"

தொடர்ச்சியாக முப்பத்தொரு முறை சரியாக இறங்கினேன். பல் டாக்டரே அசந்துபோனார்.

"கோழிப்பண்ணை, கோடு போட்ட மாதிரி வர்றீங்களே. எப்படி?"

"எல்லாம் கவனம்தான் டாக்டர்," என்றேன். அந்தப் பக்கம் சமையலறையில் ஒரு கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

கேப்டன் தேர்வுக்கு நாள் குறித்தார்கள்: ஏப்ரல் 21, ஞாயிறு, மாலை நான்கு மணி. நாற்பத்தேழு வயதில், தாடியில் பாதி நரைத்த பிறகு, ஓட்டுகிற விஷயத்தில் யாராவது என்னைத் தேர்ச்சி என்று சொல்ல வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட, பெயருக்கு முன்னால் கேப்டன் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மனைவி வந்து நின்றாள்.

"அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு. அவங்க உள்ள நுழையறப்போ அப்பா சுவத்துல இருக்கணும். பீரோ மேல தலையணை உறைக்குள்ள இருந்தார்னு தெரிஞ்சுது, அப்புறம் அந்த உறைக்குள்ள நீங்கதான் இருப்பீங்க."

ரெண்டு வாரம் ஐந்து வாரமாகியிருந்தது. நான்கு மணிக்குத் தேர்வு, நாலரைக்கு நான் கேப்டன், ஐந்து மணிக்குப் புகைப்படம் சுவரில். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

அத்தை மூன்று நாற்பதுக்கு வந்தார். முந்தின பஸ்ஸில் இடம் கிடைத்ததாம்.

"பட்டப்பகல்ல ஏன் போர்வையெல்லாம் தொங்குது? யாருக்கு கண்ணு வலி?"

"யாருக்கும் இல்லம்மா. மொதல்ல போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க, களைப்பா இருப்பீங்க," என்று மனைவி அவரை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குள் விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து அப்பாவை எடுத்து, உறையை உருவி எறிந்து, ஆணியில் மாட்டிவிட்டாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அவள் இந்த நாட்டின் எந்த விமானத்தையும் இறக்கிவிடுவாள் என்று தோன்றியது.

அத்தை முகம் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார்.

"அவர் மேல ஏன் பச்சையா வெளிச்சம் அடிக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டரிலிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது. "கோழிப்பண்ணை, எல்லாரும் வந்தாச்சு. ரெடியா?"

"யாரு கோழிப்பண்ணை?"

"ஒங்க மாப்பிள்ளைதாம்மா," என்றாள் மனைவி.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம்தான் என்று முடிவு செய்துவிட்டதைப்போல இருந்தது.

நான் சுவரைப் பார்த்தேன். ஆணி புகைப்படத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஓடுபாதை வரவேண்டிய இடத்தில் மாமனாரின் சட்டைப் பை இருந்தது. சட்டத்தின் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் திரும்பி நேராக என் கண்ணில் அடித்தது. அதற்கு நடுவே அவர் என்னை, மைதானத்தில் பார்த்த அதே பார்வை பார்த்தார்.

"டாக்டர், ரெண்டு நிமிஷம்."

"தர்றேன். நெஜ விமானத்துல தர மாட்டாங்க."

தள்ளிப்போட்டிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். அடுத்த தேர்வுக்கு ஒரு மாதம் ஆகும். ஒரு மாதம் பொறுக்கிற நிலையில் நான் இல்லை.

"அத்தை, போட்டோவ ஒரு பத்து நிமிஷம் எறக்கிக்கலாமா?"

"எதுக்கு மாப்பிள்ளை?"

வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லியிருந்தால் போதும். வாயில் வந்தது உண்மை. "ஆணி வேணும் அத்தை. அந்த ஆணியப் பாத்துத்தான் நான் எறங்குவேன்."

அத்தை என்னைப் பார்த்தார். அப்புறம் புகைப்படத்தைப் பார்த்தார்.

"கம்பத்தப் பாத்து வண்டி ஓட்டினது நீங்கதானே?"

"அது... இருபது வருஷம் ஆச்சு அத்தை."

"அன்னைக்கு ராத்திரி சாப்பிட உக்காந்தப்போ சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ஒருத்தன் வர்றான், அவனுக்கு லைசென்ஸ் குடுக்கறதுன்னா கம்பத்துக்கும் சேத்துத்தான் குடுக்கணும்னு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அத்தை எழுந்தார். "இருங்க, நானே எறக்குறேன்," என்று சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். புகைப்படம் வந்தது. அதோடு ஆணியும் வந்தது, ஆணியோடு கோலிக்குண்டு அளவுக்குப் பூச்சும். மாமனாரை மடியில் வைத்துக்கொண்டு அத்தை மறுபடி சோபாவில் உட்கார்ந்தார். இப்போது இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

வேலைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். பழைய துளை ஆணியைத் தாங்கவில்லை. அதற்குக் கீழே கெட்டியான இடம் பார்த்து நாலு அடி அடித்தேன்.

"கோழிப்பண்ணை, என்ன சத்தம்? விமானத்துக்கு வெளியில யாராச்சும் தட்டுறாங்களா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். ஆணி நின்றது. துளைக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் நான் அந்த லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிடுவேன். கட்டடத்தின் சொந்தக்காரர் கெஞ்சினாலும் திறக்க மாட்டேன். அன்று அளவு நாடா சுத்தியலுக்குப் பக்கத்திலேயே, அதே பையில் கிடந்தது.

விமானம் புறப்பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, ஓடுபாதைக்கு நேராக வந்தது. முனையை ஆணியின் தலைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். அது அசையாமல் நின்றது. மனது அமைதியாக இருந்தது.

"தரை ரொம்ப வேகமா வருதே மாப்பிள்ளை," என்றார் அத்தை.

"சரியாத்தான் வருது அத்தை. ஆணிக்கு நேரா இருக்கு பாருங்க."

இடது மூலையில் இருந்த எண்ணைப் பிறகு பதிவில்தான் பார்த்தேன். நிமிடத்துக்கு எழுநூறு அடி வீதம் இறங்க வேண்டியவன் ஆயிரத்து நானூறு அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று நொடிகளில் ஓடுபாதை சுவரை அடைத்துக்கொண்டு எழுந்தது. முன்சக்கரம் ஒடிந்தது. விமானம் மூக்கால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய், இடப்பக்கம் புல்லில் நின்றது.

மனைவி வந்து ஒரு ஜன்னலின் போர்வையை எடுத்தாள். சுவர் வெறும் சுவரானது.

"கோழிப்பண்ணை," என்றார் பல் டாக்டர், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்துவிட்ட நிதானத்தோடு. "எதைப் பாத்து எறங்கினீங்க?"

அத்தை மடியில் இருந்த படத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார்.

"ஆணியப் பாத்து," என்றேன்.

"எந்த ஆணி?"

பதினோரு பேர் கேட்க, முழுவதையும் சொன்னேன்.

தேர்வில் தோல்வி. காரணம் என்ற கட்டத்தில் பல் டாக்டர், 'ஓடுபாதையைப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தார். மறுதேர்வு மே 19, ஞாயிறு. மாமனாரின் புகைப்படம், நான் தோற்ற அன்றே மாலை ஐந்து மணிக்கு, அந்த ஆணியில் மாட்டப்பட்டது. முன்பைவிட இரண்டு விரல் தாழ்வாக இருக்கிறது.