ராமசெல்விக்கு நாலு லட்சம் பார்வை

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. காத்திவாக்கத்தில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி வருமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றால், முக்கால் மணி நேரத்தில் மூன்று நாவலுக்கான சரக்கு சேர்ந்துவிடும். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தும் யாரும் வாயைக் குறைப்பதில்லை.

தொடக்கம் அ: எண்ணூர்க் கழிமுகத்தின்மேல் சூரியன் மெல்ல

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

தொடக்கம் ஆ: பத்தாம் வகுப்பு படிக்கும், பதினைந்து வயது ராமசெல்விக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்தது தரகர் அல்ல, இன்ஸ்டாகிராம்.

இது சூடாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

போன மே மாதம் ராமசெல்விக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஐம்பத்தொரு சீர்த்தட்டு, அதில் ஒன்றில் முழு வஞ்சிரம், நெற்றியில் குங்குமப் பொட்டோடு. (பொட்டு என் கைச்சரக்கு. வஞ்சிரம் நிஜம்.) ராஜா நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த ராமசெல்விக்கு மூக்கு அரித்தது. சொறிந்தால் மேக்கப் போய்விடும் என்று எல்லாரும் கத்தினார்கள்.

"பாப்பா, சிரிக்காத. மொறைக்காத. மெதுவா திரும்பு" என்றான் வீடியோ எடுத்த பிராங்கிளின்.

பின்னால் தெரிந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை அழித்து, அங்கே ஓர் அருவியை ஓடவிட்டான். அதே கையோடு அவளுடைய பருக்களையும் அழித்து, ஐந்து வயதைக் கூட்டியும்விட்டான்.* ரீலைப் பார்த்த ராமசெல்வி, "யாரு இது, நல்லாகீறாங்களே?" என்று கேட்டாள்.

* வேண்டுமென்றே அல்ல. அவனுக்கு அருவிதான் முக்கியம்.

3.

ரீலுக்குக் கீழே முதல் கமென்ட் போட்டவள் அத்தை வரலட்சுமி: "எங்க தங்கம் ரெடி! மாப்ளைங்க லைன்ல வாங்க!" கூடவே ஆறு தீ எமோஜி, ராமசெல்வியின் அம்மா அன்புக்கரசியின் போன் நம்பர். சும்மா தமாஷுக்கு.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அன்புக்கரசி இறால் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ராயபுரம் ராசையா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், இருபத்தொன்பது வயது, நிஜமாகவே லைனில் வந்துவிட்டான்.

"யம்மா, எனக்கு மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம் கீது."

"நாலு லட்சம் பேரு பாத்துகீறான்டி! நாளைக்கு எவனாச்சும் படத்த எட்த்து கலீஜா எதுனா பண்ணா? கயித்த கட்டிட்டா ஒருத்தனும் வாய தொறக்கமாட்டான்."

"அதுக்கு வீடியோவ தூக்கச் சொல்லு. என்ன ஏன் தூக்குற?"

"தூக்குனா லைக்கெல்லாம் பூடுமாமே!"

சொல்லிவிட்டு அன்புக்கரசி அழுதாள். இறால் கையோடு கண்ணைத் துடைத்ததில் எரிச்சல் வேறு. ராமசெல்விக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

4.

இந்த வரலட்சுமி எனக்கு ஒட்டவில்லை. அவளுக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். கதவைத் திறந்தால் என் வீட்டு அலமாரி.

[இங்கே வரலட்சுமியின் பரிதாபமான இளமைப்பருவம் ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன்.]

இன்று காலை ராமசெல்வி வந்தாள். மேசைமேல் கிடந்த தாள்களை நின்றபடியே படித்தாள்.

"யக்கா, யாரு இந்த வரலட்சுமி? எனக்கு அத்தையே கெடையாதே."

"கதைன்னா ஒருத்தி வேணும்ல."

"அந்த கமென்ட்ட போட்டது நீ. லைக் பூடும்னு எங்கம்மாவாண்ட சொன்னதும் நீ."

ஆமாம். நான்தான். எழுத்தில் எழுதிவிட்டேன், போதுமா?

5.

அவசரமாக முடிவுகளை எடுத்து நீட்டினேன்.

முடிவு ஒன்று: அதிகாரிகள் ஜீப்பில் வர, ராசையா ஓடி, காயப்போட்ட வலையில் சிக்கி விழுகிறான். "செம யக்கா. ஆனா ஜீப்ப கூப்ட்டது யாரு?" அடுத்த தாளை நீட்டினேன்.

முடிவு இரண்டு: ராசையா மனம் திருந்தி, 'நீ படி தங்கச்சி' என்கிறான். "ரீல் பாத்து பொண்ணு கேட்டவனுக்கு இவ்ளோ நல்ல டயலாக்கா?" பேனாவால் அடித்துவிட்டாள்.

முடிவு மூன்று: ஞாயிறு, ஆறே கால் மணி. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு ராமசெல்வி

இதை அவளும் படிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

"கதைய வுடு. பத்து, ஒம்போது, எட்டு. புள்ளைங்களுக்கு ஒதவுற நம்பரு, ஸ்கூல் செவுத்துல எழுதிகீது. போன் போடு."

"நீயே போடேன்."

"என் போன அம்மா புடுங்கிகினாங்க."

"போட்டா என் கமென்ட்டும் வெளிய வரும்டி. சந்துல எப்டி தல காட்றது?"

"சந்துல எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் யாரும் சொல்லல."

என்னைப் பற்றிய சேதி என்னிடம் வராமலே ஊரைச் சுற்றியிருக்கிறது! எவ்வளவு பெரிய அவமானம். அந்தக் கோபத்திலேயே பத்து, ஒன்பது, எட்டை எப்படி அழுத்துவது என்று தடுமாறி, அவள் காட்டியபடி 1098 என்று அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண் குரல்.

"வணக்கம், சொல்லுங்க."

பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு யாரு வேணும்?"

நான் போனை ராமசெல்வி பக்கம் தள்ளினேன்.

"ஊரு கதையெல்லாம் பேசுவியே, பேசு!" என்று தொடையில் கிள்ளுகிறாள் ராமசெல்வி.

இன்று வெள்ளிக்கிழமை. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. அந்தம்மா இன்னும் வைக்கவில்லை. வாசகரே, இவ்வளவு தூரம் எட்டிப் பார்த்துவிட்டீர்கள், கொஞ்சம் உள்ளே வாருங்கள். பெயர், வயது, தெரு எல்லாம் நான் எடுத்துக் கொடுக்கிறேன். யார் வேணும் என்று கேட்டதற்கு மட்டும் நீங்கள்