அப்பாவின் காலும் ஒரு லாரியும்

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள் அக்கா. தையல் கடைக்காரி. வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுப்பவள், தன் நாக்குக்கு மட்டும் அளவெடுத்ததே இல்லை. அன்றைக்கென்று பார்த்து அந்த நாக்கு அசையவில்லை.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்தாள். நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது சர்க்கரை இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க மாத்திரை குடுப்போம். பரம்பரையில சர்க்கரை இருந்தா அந்த மாத்திரை அதைக் கிளப்பி விட்டுடலாம். முன்னாடியே தெரிஞ்சா மருந்தை யோசிச்சுக் குடுப்போம், வீட்டுலயே அடிக்கடி ரத்தம் பாக்கச் சொல்லுவோம்."

"அதெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாதுங்க," என்றான் தம்பி.

அவன் பொய் சொல்லவில்லை. அப்பாவின் கால் லாரியில் அடிபட்டுப் போனது என்று சொல்லித்தான் அவனை வளர்த்தார்கள். உண்மையில் அது சர்க்கரையில் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே எடுத்த கால். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு வயது, அவனுக்கு நான்கு. பெண்ணைக் கரையேற்ற வேண்டுமே என்று அம்மா ஒரு லாரியைக் கொண்டுவந்தாள். வருடம் போகப் போக அந்த லாரிக்கு ஒரு நிறம் வந்தது, டிரைவர் வந்தான், அவன் குடித்திருந்தான் என்றுகூடச் சேர்ந்துகொண்டது.

அக்கா வாயைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மகளுக்கு நிச்சயமான பையனின் தாய், நலம் விசாரிக்க வந்தவள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீரைக்கூட அளந்து குடித்தவன், இப்போது பாட்டில் பாட்டிலாகக் குடித்தான். மணிக்கு இரண்டு தடவை பாத்ரூம் போனான். வீடே கொண்டாடியது.

"உன் கிட்னி உன்னை மாதிரியேதான்டி. ஒரு நிமிஷம் சும்மா இருக்குதா பாரு!" என்று மனைவியைச் சீண்டினான். அவள் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கால் போவதற்கு முன்னால் அப்பாவும் இப்படித்தான் தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தார். மகள் கல்யாணம் முடியட்டும், டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கல்யாண வாரத்தில்தான் அவன் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. "தாய்மாமன் இல்லாம என்னடா கல்யாணம், அடுத்த வாரம் போய்க்கலாம்," என்று தள்ளிப்போட வைத்ததும் அவள்தான்.

கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா இனிப்பை ஒதுக்கி வைத்தாள். "எனக்குப் பத்து வருஷமா சர்க்கரைங்க. எங்க வீட்டுல ஆளுக்கொரு மாத்திரை டப்பா," என்று சொல்லிச் சிரித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. யாருக்குப் பயந்து வாயை மூடினோம் என்று அவளுக்கே புரியவில்லை. இப்போதே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள். அவன் மண்டப வாசலில், நாற்காலியோடு சரிந்து கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே வரவில்லை, அது அளக்கிற எல்லையைத் தாண்டிய சர்க்கரை. உடம்பு வற்றிப்போய்க் கிருமியும் தொற்றியிருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்தார். "உயிரைக் காப்பாத்திட்டோம். கிட்னியைக் காப்பாத்த முடியலை. மறுபடி டயாலிசிஸ்தான்." பிறகு படிவத்தைப் புரட்டினார். "குடும்பத்துல யாருக்குமே இல்லைன்னு எழுதியிருக்கே?"

தம்பி மனைவி, சம்பந்தியம்மா, புதுப்பெண் எல்லோரும் நின்றிருந்தார்கள். அக்கா இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இருந்துச்சு சார். எங்கப்பாவுக்கு. கால் போனது அதுலதான். லாரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." மகள் பக்கம் திரும்பினாள். "உன் உடம்புலயும் அது இருக்கலாம்டி. போற இடத்துல எல்லாம் வாய்விட்டுச் சொல்லு. பரம்பரை நோய் வர்றது யாரோட குத்தமும் இல்ல. அதை மறைச்சேன் பாரு, அதுதான் குத்தம்."

உள்ளே தம்பி தண்ணீர் கேட்டான். நர்ஸ் சின்னக் கோப்பையில் பாதி அளந்து நீட்டினாள். தம்பி மனைவி அதை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவள், நின்று திரும்பினாள்.

"நான் ஒரு கிட்னியையே குடுத்தேன் அண்ணி. நீங்க ஒரே ஒரு வார்த்தை குடுத்திருக்கக் கூடாதா?"