என் மேல் நான் கொடுத்த புகார்

எங்கள் தெருவில் மொத்தம் பதினாலு பள்ளம். பதிமூன்றுக்குப் பெயர் கிடையாது. பதினாலாவதற்கு மட்டும் 'மாமியார்' என்று பெயர். தாண்டவும் முடியாது, சுற்றிக்கொண்டு போகவும் முடியாது, கண்டுகொள்ளாமல் நடந்தால் காலை வாரிவிடும். மழைக்காலத்தில் அதில் தூண்டில் போட்டவர்கள் உண்டு. நானே ஒரு முறை முதலையைப் பார்த்திருக்கிறேன். அது மூலைவீட்டுப் பெயின்டரின் ரப்பர் செருப்பு என்று என் மனைவி சொல்வாள். அவளுக்குக் கற்பனை கம்மி.

மாமியாரிலிருந்து நாற்பதடி தள்ளி என் தங்கச்சியின் சலவைக்கடை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, லாட்ஜ் தலையணை உறை, எல்லாமே வெள்ளை. துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினால், நாற்பதாவது அடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். மேலே இருக்கிற இரண்டு மூட்டை சேற்றில் சாஷ்டாங்கமாக விழும்.

"ரெண்டு தடவை துவைக்கிறேன், ஒரு தடவைக்குத்தான் கூலி," என்பாள்.

போன வருஷம் ஒரு நாள் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, கடை ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. மறுபடி அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும்னா, ரோடு வருதுன்னு உறுதியாத் தெரியணும். வரலைன்னா மெஷினை வித்துட்டு மக ஊருக்குப் போயிடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவள் கோபம் டீ ஆறுவதற்குள் ஆறிவிடும். இதைச் சும்மா, உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். மச்சான் போன பிறகு ஒரே ஆளாக அந்தக் கடையை நிமிர்த்தியவள். எனக்கிருக்கும் ஒரே உடன்பிறப்பு. அவள் போய்விட்டால் நான் சண்டை போட யாரிடம் போவேன்?

இங்கே எங்கள் நகரம் வளர்கிற வேகத்தைச் சொல்லியாக வேண்டும். பல் தேய்க்க ஆரம்பிக்கும்போது காலி மனையாக இருந்த இடம், வாய் கொப்பளித்து நிமிர்ந்தால் ஆறு மாடி. ஆறு மாடிக்கும் தண்ணீர் வேண்டும், சாக்கடை வேண்டும், ரோடு வேண்டும். கேட்கிற தெரு ஆயிரம். கையிலிருக்கிற பணம் நாற்பது தெருவுக்கு. அதனால் மாநகராட்சியில் தெருக்களுக்கு மார்க் போடுவார்கள். பள்ளத்தின் ஆழத்துக்கு இத்தனை, தேங்குகிற தண்ணீருக்கு இத்தனை, நடமாடும் ஆட்களுக்கு இத்தனை. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். எவன் உருப்படாமல் கிடக்கிறானோ அவனுக்குத்தான் முதல் ரேங்க்.

தேறிய தெருவுக்கு ஆகிற செலவில் ஒரு பங்கு வீட்டு வரியிலிருந்து வரும். ஒரு பங்கு, ஆறு மாடி எழுப்புகிறவர்கள் கட்டுகிற கட்டணம். பெரும்பங்கு இருபது வருஷக் கடன். இருபது வருஷம் உழைக்கப் போகிற ரோட்டுக்கு இன்றைக்கு இருக்கிறவன் மட்டும் ஏன் அழ வேண்டும், நாளைக்கு நடக்கப் போகிறவனும் கொஞ்சம் அழட்டும் என்பதுதான் கணக்கு. மிச்சம் பத்தில் ஒரு பங்கு தெருக்காரர்கள் தலையில்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், முப்பத்துநாலு வருஷம் அந்த அலுவலகத்தில் எஸ்டிமேட் போட்டவன் நான். மார்க் தாளில் பாதிக் கேள்வி என் கையால் எழுதியது. தெருவில் என்னைக் கூப்பிடுவதே 'எஸ்டிமேட்' என்றுதான். ஆகவே விண்ணப்பம் நானே எழுதினேன். படித்தவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள், படித்திருந்தால். திங்கட்கிழமை இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி துடைப்பத்தோடு என் முன்னால் நின்றாள்.

"என்னங்க, நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. தெரு கிடக்கிற லட்சணத்தைப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

எங்கள் தெருக்காரர்களின் ரத்தத்தில் ஊறிய வியாதி இது. யாராவது வருகிறார்கள் என்றால் கை தானாகத் துடைக்கும். எலக்ட்ரீஷியன் வருகிறார் என்று வீட்டிலிருக்கும் எல்லா மின்விசிறியையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, எது ஓடவில்லை என்று கூப்பிட்டோம் என்பதை மறந்து நிற்கிற ஜாதி. டாக்டர் வருகிறார் என்றால் காய்ச்சல்காரனே எழுந்து குளித்துவிட்டு உட்காருவான்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு வீடும் ரோட்டில் இறங்கியது. உடைந்த ஓடு, செங்கல் துண்டு, பெயின்டரின் காலி டப்பாக்கள், தங்கச்சி கடையில் செத்துப்போன இஸ்திரிப் பெட்டி, எல்லாம் மாமியாரின் வாய்க்குள் போயிற்று. மிச்சம் மீதி மற்றப் பதிமூன்றையும் நிரப்பியது. சிமென்ட் கலவையை மட்டும் யாரையும் தொட விடவில்லை நான். ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு மணல், நாலு ஜல்லி என்று உத்தியோகத்தில் தாளில் மட்டுமே போட்ட கலவை. அன்றைக்குத்தான் முதல் முறையாக மண்வெட்டியால் போட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. என் காலத்தில் எஸ்டிமேட் போட்ட ரோடெல்லாம் மூன்று மாதத்தில் பல்லை இளித்தன. இது மட்டும் கண்ணாடி. பெயின்டர் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்தார். தங்கச்சி கூட வந்து, "அண்ணா, உனக்கு வேலை தெரியும்னு அறுபத்திமூணு வயசுல நிரூபிச்சிட்டே," என்றாள்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். சின்ன வயசுப் பெண். நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது உட்காருகிறவர். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். திரும்பி நடந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், விண்ணப்பத்துல பதினாலு பள்ளம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"எங்க சார்?"

நான் பெருமையோடு கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது. அந்த நொடியில்தான் உறைத்தது. முப்பத்துநாலு வருஷ அனுபவமும் ஒரே மூச்சில் திரும்பி வந்து பிடரியில் அறைந்தது.

"சார், இது எங்க ஆபீஸ் வாசலைவிட நல்லா இருக்கு," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "பள்ளம் இல்லைன்னுதான் நான் எழுத முடியும்."

வியாழக்கிழமை வரைவுப் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது தெருவில் நாங்கள் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டாவது இடம். நூற்றுக்குப் பதினொரு மார்க். அதுவும் ஆள் நடமாட்டத்துக்குப் போட்டது.

தங்கச்சியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சரி விடு அண்ணா," என்று இரண்டாவது மெஷினின் மூடியைத் துடைத்தாள். விற்கப் போகிற பொருளைத் துடைக்கிற துடைப்பு அது.

"திரும்பத் தோண்டிட்டா என்ன?" என்றார் பெயின்டர். கடப்பாரை கொண்டுவந்தோம். ஓங்கி ஒரு போடு போட்டார். கடப்பாரை துள்ளித் தெருமுனையில் போய் விழுந்தது. அடுத்த ஊரில் விழுந்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமியார் மேல் ஒரு கீறல் இல்லை.

"போட்டதுதான் போட்டீங்க, கொஞ்சம் கேவலமாப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. "ஆபீஸ்ல போட்ட மாதிரி."

அந்தப் பேச்சு சுரீரென்று தைத்த இடத்தில்தான் யோசனை பிறந்தது. பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் கை வைப்பது குற்றம். யாராவது புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் அதிகாரி வந்து, துளை போடும் மெஷினால் ரோட்டை உருளையாக வெட்டியெடுத்து, எவ்வளவு ஆழத்துக்குக் கை வைத்திருக்கிறார்கள் என்று அளந்து எழுதியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தூங்க வைக்கலாம், புகாரைத் தூங்க வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன்.

கவுன்டர் குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார். "யார் மேல புகார்?"

"என் மேல."

"கொடுக்கிறது?"

"நான்தான்."

"ரெண்டு பேருக்கும் முன்பகை ஏதாவது உண்டா?"

"அறுபத்திமூணு வருஷமா," என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறு திங்கட்கிழமை அதே இன்ஜினியர், மெஷினோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். தெருவே கூடிவிட்டது. இந்த முறை யாரும் பெருக்கவில்லை. மனைவியின் கையிலிருந்து துடைப்பத்தை நான் முன்கூட்டியே பிடுங்கி ஒளித்துவிட்டேன். மெஷின் மாமியாரின் மேல் உட்கார்ந்து கரகரவென்று இறங்கியது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பூமியின் மறுபக்கத்தில் யாராவது "யார் அது?" என்று கேட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

உருளை வெளியே வந்தது. மேலே நாலு விரல்கடை என் கலவை, வைரம். அதற்குக் கீழே ஓடு, செங்கல், நீலப் பெயின்ட் டப்பா ஒரு அடுக்கு, பச்சைப் பெயின்ட் டப்பா ஒரு அடுக்கு. அடியில் பளபளவென்று ஏதோ இரும்பு.

"இது என்ன சார்?"

"இஸ்திரிப் பெட்டி," என்றாள் தங்கச்சி, எனக்கு முன்னால். "என்னோடது. நல்லா உழைச்சுது."

இன்ஜினியர் உதட்டைக் கடித்துக்கொண்டு டேப்பை வைத்து அளந்தார். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். எழுதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடித்தளம் போடாம நிரப்பினது பள்ளமாத்தான் கணக்கு. ரூல் அப்படித்தான் சொல்லுது."

"எவன் எழுதின ரூலும்மா?"

"நீங்கதான் சார் எழுதினது. கீழ கையெழுத்து இருக்கு."

மீதிப் பதிமூன்றையும் வெட்டினார்கள். ஒவ்வொரு அளவு சொல்லும்போதும் தெரு கை தட்டியது. தங்கள் தெரு இவ்வளவு மோசம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மக்களை நான் கண்டதில்லை.

புதன்கிழமை, பட்டியலை முடிவு செய்கிற பொதுக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிஷம். துணை ஆணையர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"அனுமதி இல்லாம ரோடு போட்ட குற்றத்துக்கு எச்சரிக்கை குடுக்கறேன். இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுங்க."

"இவ்வளவு நல்லா இனிமே போட மாட்டேன்னு எழுதிக் குடுக்கறேன் சார்."

"நீங்க சர்வீஸ்ல இருக்கும்போதும் இப்படித்தானா?"

"சர்வீஸ்ல ரோடு கொஞ்சம் சுமார் சார்."

பெயின்டர் எழுந்து, நாங்கள் பட்ட பாட்டைத் தெருவின் பத்தில் ஒரு பங்கில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். குற்றத்துக்கெல்லாம் கழிவு கிடையாது என்றார் துணை ஆணையர். ஆனால் ஐந்து வருஷத்துக்கு வீட்டு வரியோடு சேர்த்துத் தவணையாகக் கட்டலாம் என்றார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் நாற்பத்தொரு கை எழுந்தது. நாற்பத்திரண்டாவது வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்; அவர் மனைவி அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

எண்பத்தாறு மார்க். நாற்பது தெருவில் முப்பத்தொன்பதாவது இடம்.

நான் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த கடை ஒப்பந்தத்தை எடுத்து, முன்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியரின் முதுகைத் தட்டி, "பேனா இருக்காம்மா?" என்று கேட்டாள். மடியில் வைத்தே ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. "பேனா சரியில்லை," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டு மாதத்தில் வேலை ஆரம்பித்தது. ரோடு போடுவதென்றால் முதலில் இருக்கிற ரோட்டைக் காணாமல் அடிப்பார்கள். மாமியாரை உடைக்க மட்டும் மூன்று நாள் ஆனது. ஒப்பந்தக்காரர் என்னைத் தேடி வந்து, என்ன கலவை என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். தெரு முழுக்க இடுப்பளவு பள்ளம், நடுவில் ஒற்றைப் பலகை. தள்ளுவண்டி போக வழியில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தலையில் சுமந்துதான் மெயின் ரோடு வரை கொண்டுபோக வேண்டும். யார் சுமப்பது என்று தங்கச்சி யோசிக்கவே இல்லை.

"பாத்து வா அண்ணா," என்பாள், பலகையின் அந்த முனையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "விழுந்தா நீதான் துவைக்கணும்."

"ரோடு கொண்டுவந்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

"கொண்டுவந்தவனும் நீதான், விரட்டி விட்டவனும் நீதான். வாயை மூடிட்டு நட."

நடந்தேன். வெள்ளை மூட்டை தலையில், கீழே பள்ளம், முன்னால் இன்னும் ஐந்து வருஷம் என்னைத் திட்டப் போகிறவள். முதல் நாள் நாலு மூட்டை சுமந்தேன். யாராவது கேட்டால் நானூறு என்று சொல்லுங்கள்.