தாளைப் பார்த்துப் பேசுகிறவர்கள்

அவன் வேலைக்குச் சேர்ந்த காலையில், அந்தக் கட்டட வரைபட அலுவலகமே எழுந்து நின்று கைகளால் அவனை வரவேற்றது. காது கேட்காத பட்டதாரி ஒருவன் வருகிறான் என்று நிர்வாகம் முன்கூட்டியே பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தது. சைகை மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்து போயிருந்தாள். வணக்கம், நன்றி, சாப்பிட்டாயா, நன்றாகச் செய்தாய் என்று நாலைந்து சைகைகளை ஒருவர் விடாமல் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள்.

அவனுக்குச் சைகை மொழி தெரியாது.

பேச்சு வந்தபிறகு ஒரு காய்ச்சலில் காது போனவன் அவன். அக்காதான் எதிரே உட்கார வைத்து உதட்டைப் படிக்கப் பழக்கினாள். பள்ளியும் கல்லூரியும் அப்படியே ஓடிவிட்டன. இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வேலைக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று கல்லூரியில் நடத்திய வகுப்பில் அவனுக்கும் ஒரு பாடம் ஊட்டியிருந்தார்கள்: யாருக்கும் தொந்தரவு கொடுக்காதே. அவர்கள் கைகள் செய்ததையே திருப்பிச் செய்தான். எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் பேச்சு தாளோடுதான். பெரிய மேசையில் வரைபடத்தை விரித்து, தலைமை வரைவாளர் சிவப்புப் பென்சிலோடு குனிவார். மற்றவர்களும் சுற்றிக் குனிவார்கள். திருத்தங்கள் எல்லாம் தாளை நோக்கியே சொல்லப்படும். அவன் கண்ணுக்குத் தெரிந்தவை வழுக்கையும் வகிடும்தான், உதடுகள் அல்ல.

முதல் வரைபடத்தில் சிவப்புக் கோடுகளை மட்டும் வைத்து அனுமானித்து வரைந்தான். ஒரு கதவு தப்பான பக்கம் திறந்தது. தலைமை வரைவாளர் அதைப் பார்த்தார், அவன் தோளைத் தட்டினார், நன்றாகச் செய்தாய் என்று கை காட்டினார். பிறகு தாளைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்து மறுபடி வரையச் சொன்னார். அதற்குப் பின் அவனுக்கு வந்ததெல்லாம் அச்சடித்த தாள்களை மடித்து உறையில் போடும் வேலை. அவனுக்குக் கோபம் வரவில்லை. உள்ளே எதுவோ மரத்துப்போய்க் கிடந்தது. விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு என்ன வரைஞ்ச?” என்று வீட்டில் அக்கா கேட்டாள்.

“மடிச்சேன்.”

“இதுக்குப் பேசாம துணிக்கடைக்குப் போயிருக்கலாமேடா. தீபாவளிக்கு ஒரு சட்டையாவது கிடைச்சிருக்கும்.”

“நல்லவங்கக்கா. எனக்காகக் கத்துக்கிட்டாங்க. அது எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். திறந்தா முத்தா உதிர்ந்துடும்?”

அவன் தட்டைப் பார்த்தான். தன் குரல் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கிறவர்களின் முகம்தான் தெரியும். கல்லூரியில் அவன் பேசினால் சிலர் புருவத்தைச் சுருக்குவார்கள், சிலர் உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்குவார்கள். மெல்ல மெல்ல வெளியாட்களிடம் பேசுவதையே விட்டுவிட்டான்.

அக்கா அவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். “அடுத்த வாரம் பயிற்சிக்காலம் முடியுது. தாள் மடிக்கிறவனை வரைவாளர்னு எவன் வேலையில வச்சுப்பான்?”

அவன் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

அந்த நாளும் வந்தது. தலைமை வரைவாளரின் அறையில், சைகை சொல்லிக்கொடுத்த அந்தப் பயிற்சிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். அவள் கைகள் வேகமாக ஓடின. அவன் தலையாட்டினான். மறுபடி ஓடின. மறுபடி தலையாட்டினான். அவள் கைகள் மெதுவாக மடியில் இறங்கின. அவள் திரும்பிச் சொன்னது உதட்டில் பக்கவாட்டாகத் தெரிந்தது.

“இவருக்கு இது தெரியாது, சார்.”

தலைமை வரைவாளர் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேசையைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே போனார். அந்த உச்சந்தலைக்குக் கீழே தன் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. எப்படிப் போகிறது என்பதுகூடத் தெரியவில்லை.

“நிமிர்ந்து சொல்லுங்க, சார்.”

கொஞ்சம் உரக்கவே வந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு தலைகள் திரும்பின.

“எனக்கு உதடு தெரிஞ்சா போதும். இங்க எல்லாரும் தாளைப் பாத்தே பேசுறீங்க.”

தலைமை வரைவாளர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, சுளிப்பும் இல்லை.

“இத்தனை நாளா ஏன் தம்பி சொல்லலே?”

“எல்லாரும் ஆசையா கத்துக்கிட்டீங்க.”

அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. “அப்போ இந்த மீசை?”

“கஷ்டம்தான், சார்.”

“இதை எடுக்கணும்னா நான் வீட்ல கேக்கணும்.” பயிற்சிப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “இங்க பாரு, வேலையைப் பாக்காம நிரந்தரம்னு எழுத என்னால முடியாது. பயிற்சிக்காலத்தை நீட்டச் சொல்லி வேணா எழுதறேன்.”

சந்தோஷமோ துக்கமோ ஏதாவது ஒன்று வரும் என்று அவன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

“சரி, சார்.”

அவர் ஒரு மாடிப்படி வரைபடத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினார். அதன் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் கரும்பலகை அருகே நிற்பதுபோல் நின்றுகொண்டு, குழந்தைக்குச் சோறூட்டுகிறவரைப்போல வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேசினார்.

“சாதாரணமா பேசுங்க, சார். இப்படிப் பேசினா ஒண்ணும் புரியாது.”

“ஓ,” என்றார். சாதாரணமாகப் பேசினார். படியின் அகலம் தெரிந்தது, திரும்பும் இடம் தெரிந்தது. கைப்பிடியைப் பற்றிச் சொன்னது மீசைக்குள் போய்விட்டது. அவர் அதற்குள் அடுத்த கோட்டுக்குத் தாவியிருந்தார்.

“இருங்க சார்,” என்றான் அவன். “கைப்பிடி. அதை மறுபடி சொல்லுங்க.”