வாழைச் சுவர்

நிலவறைக் கதவுக்கு முன்னால் நின்ற இரண்டு பொலிஸ்காரரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். இந்தப் பூட்டு உங்களுடையதா, திறந்து காட்ட முடியுமா என்று. பெப்ரவரி மாதத்துப் பிற்பகல். வேலை முடிந்து ஒஸ்லோவின் குரோருட் ரயில் நிலையத்தில் இறங்கி, உறைந்துபோன ஏற்றத்தில் வழுக்காமல் நடந்து வந்த குகநேசனின் சப்பாத்தில் பனி இன்னும் கரையவில்லை. கதவின் கீழ் இடுக்கால் வெள்ளை வெளிச்சம் சிமெந்துத் தரையில் கோடாக விழுந்திருந்தது. உள்ளே ஒரு காற்றாடி சுற்றும் சத்தம். அவர் கையுறையைக் கழற்றி, முதலில் பிழையான திறப்பைப் பூட்டில் நுழைத்தார். அதைப் பொலிஸ்காரி கவனித்ததை அவரும் கவனித்தார்.

கதவு திறந்தது. சுடுநீர்க் குழாய் ஓடும் சிறிய அறை. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கிய குழல்விளக்குகளுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில் இரண்டு சீனத்து விசிறிப் பனைகள், சேம்பு, பூவுக்காக வளர்க்கும் இஞ்சி, ஈர மண்ணில் புதைத்த கல்வாழைக் கிழங்குகள். பொலிஸ்காரன் குனிந்து ஒரு பனை மட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தன்னுடன் வந்தவளைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பில் கேலி இல்லை, ஆறுதல்தான். இரவும் பகலும் விளக்கு எரிகிறது, புதிதாகப் பூட்டுப் போட்டிருக்கிறது, வெப்பமான காற்று வருகிறது என்று சொன்னால் நாங்கள் வந்து பார்க்கத்தானே வேண்டும், கஞ்சாச் செடிகளை இப்படித்தான் வளர்ப்பார்கள் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கினான். சொன்னது யார் என்று குகநேசன் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றாள் பொலிஸ்காரி. இந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு குகநேசன் விளக்கை அணைத்தார். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பவும் போட்டார்.

நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குகநேசன் குடும்பத்தின் வீடு. வரவேற்பறைக் கதவைத் திறந்தால் ஒரு துண்டு நிலம். மற்றவர்கள் அதில் புல்லும் ஒரு மேசையும் வைத்திருந்தார்கள். குகநேசன் அதில் ஒரு வெப்பநாட்டுத் தோட்டத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார். பார்ப்பவர்கள் எல்லோரும் ஊர் நினைப்பு என்றே சொன்னார்கள். திருகோணமலை நகரத்தில் ஒரு கடைக்கு மேலே, மண்ணே இல்லாத வீட்டில் வளர்ந்தவர் அவர். ஒஸ்லோவுக்கு வரும்வரை ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டதில்லை. இந்த ஆசை வந்தது நகர நூலகத்தில், ஒரு நோர்வீஜியத் தோட்டச் சஞ்சிகையில். பனி விழும் தேசத்தில் ஒருவன் வாழைக்குப் பக்கத்தில் கம்பளிச் சட்டையோடு நிற்கும் படம். அது ஊரைப் போலவே இல்லை. அதுதான் அவருக்குப் பிடித்தது. எதையும் நினைவுபடுத்தாத ஓர் இடம்.

அந்தச் சஞ்சிகைகளிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, தோட்டக்கலையில் பாதி, கண்ணை ஏமாற்றும் வித்தை என்பதுதான். ருபார்ப் என்ற அகன்ற இலைச் செடி இந்த நாட்டிலேயே விளைவதுதான். ஆனால் அதைச் சேம்புக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவும் மழைக்காட்டுச் செடியாகிவிடும். தெற்குச் சுவரோடு கருங்கற்களை அடுக்கினால் பகல் வெயிலைப் பிடித்துவைத்து மாலையில் விடும். உயரத்துக்கு ஆமணக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஜப்பானிய வாழை. அது காய்த்தாலும் தின்ன முடியாது. தின்ன முடியாத வாழையை எதற்கு இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பது என்று மனைவி வசந்தமலர் கேட்டுக் களைத்துவிட்டாள். வீடு முழுக்கப் பூச்சட்டியாகிவிட்ட ஒருநாள் அவள் சத்தம் போட, இனி ஒரு கன்றும் வாங்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். பிறகும் வாங்கினார். அதனால்தான் நிலவறை, அதனால்தான் பூட்டு.

பொலிஸ் வந்து போனதைச் சொன்னபோது வசந்தமலர் அதிகம் கேட்கவில்லை. சிறுவர் பள்ளியில் வேலை செய்துவிட்டு வரும் களைப்பு என்று நினைத்தார். மகள் வினோஜாதான் சிரித்தாள். அப்பாவின் மாஃபியா என்றாள். குகநேசனால் சிரிக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். வணக்கம் சொல்லும்போது கண்ணைப் பார்க்கிறார்களா, பார்க்காமல் போகிறார்களா? மூன்றாம் மாடியில் இருந்த சென்னைப் பெண், “அங்கிள், வாழை இந்தக் குளிர்ல தாங்குமா?” என்று கேட்டபோது, ஏன் இன்றைக்குக் கேட்கிறாள் என்று யோசித்தார். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் கண்ட சிநேகிதன் சற்குணம் வழமையைவிடக் கூடுதலாகச் சிரித்தது போலிருந்தது. ஒவ்வொருவராக எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒருபக்கம் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியவர் ஒட்வார்.

ஒட்வார் எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய குசினி யன்னல் குகநேசனின் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. இலையுதிர் காலத்தில் வாழைகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டி உள்ளே காய்ந்த பேர்ச் மரத்து இலைகளை அடைத்தபோது, சாக்குச் சாக்காக இலை பொறுக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். வேலை முடிந்ததும் இருவரும் வெளியே நின்று கோப்பி குடித்தார்கள். ஆனால் நவம்பரில் ஒருநாள் ஒட்வார் கேட்டிருந்தார், நிலவறைச் சாளரத்தில் தெரியும் வெளிச்சம் உன்னுடையதா என்று. அப்போது அது சாதாரணக் கேள்வியாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் குரலை நினைத்துப் பார்க்கப் பார்க்க அது மாறிக்கொண்டே வந்தது.

“வேறை ஆர்? அந்தக் கிழவன்தான்,” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். வசந்தமலர் சோற்றைப் பிசைந்தபடி, தெரியாமல் ஒருத்தரைச் சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் ஒட்வார் வந்தார். வலையை அவிழ்க்கக் கை கொடுக்கட்டுமா என்று கேட்டார். குகநேசன் தேவையில்லை என்றார். ஒட்வார் அங்கேயே கொஞ்சம் நின்றார். உனக்கு ஏதாவது சுகமில்லையா என்று கேட்டார். இல்லை, வேலை அதிகம் என்று சொல்லிக் குகநேசன் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார். கிழவர் நடந்து போகும் சத்தம் ஈரச் சரளையில் நெடுநேரம் கேட்டது.

அந்த வருடம் குகநேசன் தோட்டத்தை முழுக்க மாற்றினார். நடுவில் நின்ற வாழைகளைக் கிழங்கோடு தோண்டி எல்லைக்குக் கொண்டுபோய், ஒட்வாரின் யன்னலுக்கு நேரே வரிசையாக வைத்தார். இடைவெளிகளில் ஆமணக்கு. முன்னால் கல்வாழை. புத்தகங்களின்படி அது பிழையான அமைப்பு; உயரமானவை ஒரே வரிசையில் நிற்கக்கூடாது, முன்னும் பின்னுமாகப் பிரிந்து நின்றால்தான் தோட்டத்துக்கு ஆழம் வரும். இது தோட்டம் போலவே இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மாட்டெருவும் தண்ணீரும் குறைவில்லாமல் போட்டார். அந்தக் கோடையில் நல்ல வெயில். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத ஜூன், ஜூலையில் செடிகள் ஒரு வெறியோடு வளர்ந்தன. ஆகஸ்ட் பிறந்தபோது அங்கே ஒரு பச்சைச் சுவர் நின்றது. பட்டப்பகலிலும் அதற்கு அப்பால் இருண்டுபோன ஒட்வாரின் குசினியில் விளக்கு எரிவது இலைகளுக்கு இடையில் தெரிந்தது. அதைப் பார்க்கும்போது குகநேசனுக்கு ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தி சாப்பாட்டை மட்டும் ருசிக்க விடவில்லை. கிழவர் வந்து முறையிடுவார், அப்போது பதில் சொல்லலாம் என்று வசனங்கள் தயாராக வைத்திருந்தார். கிழவர் வரவில்லை.

வந்தது ரூனெ. அந்தக் குடியிருப்பின் பராமரிப்பாளன், நல்ல மனிதன், வாய் ஓயாதவன். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாழைகளைப் பார்த்துச் சீழ்க்கையடித்தான். பிறகு, குளிர்காலத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது என்றான். உன் மனைவி பாவம், அவ்வளவு பயந்து போய் வந்து நின்றார், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருதரம் பார்க்கச் சொன்னார், எனக்குப் பூட்டை உடைக்க உரிமை இல்லை, அதனால்தான் பொலிஸுக்கு அறிவித்தேன், நீங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிச் சிரித்திருப்பீர்கள் என்றான். குகநேசன் ஓம் என்று தலையாட்டினார். சிரித்தோம் என்று நோர்வீஜிய மொழியில் சொன்னார். புல்வெட்டி திரும்பவும் இரைந்துகொண்டு போனது.

உள்ளே வசந்தமலர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் இல்லை. அவர் குசினி வாசலில் நின்றார்.

“ரூனெ கதைச்சவன்.”

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

“என்னட்டைக் கேட்டிருக்கலாமே,” என்றார்.

“கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீங்களோ?”

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வினோஜா சிறுபிள்ளையாக இருந்தபோது குகநேசனுக்கு வேலை போயிருந்தது. ஓர் இலையுதிர் காலம் முழுவதும் அவர் தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு வெளிக்கிட்டு, நகர நூலகத்தில் சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிகிற நேரத்துக்கு வீடு வந்தார். வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்கு அது தெரியவந்தது. அப்போது அவள் சண்டை பிடிக்கவில்லை. அது முடிந்த கதை என்றே அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

“பொலிஸ் வரும் எண்டு எனக்குத் தெரியாது,” என்றாள். “ஒருக்கால் எட்டிப் பாக்கச் சொல்லித்தான் கேட்டனான். வேலையாலை வந்தால் நேரே கீழை போறீங்கள். மேலை வரேக்கை முகம் சந்தோசமாய் இருக்கு. பூட்டு வேறை. நான் என்னத்தை நினைக்கிறது?”

“என்னத்தை நினைச்சனீர்?”

“எல்லாத்தையும்தான் நினைச்சன்.”

வெங்காயத்தை ஒருபக்கம் ஒதுக்கினாள். கை கழுவினாள். தண்ணீர் தேவைக்கு அதிகமாக ஓடியது.

“பிறகாவது சொல்லியிருக்கலாம்,” என்றார்.

“சொல்லத்தான் நினைச்சனான். அதுக்குள்ளை நீங்கள் அந்த மனிசனைச் சொல்லத் தொடங்கிட்டீங்கள்.” குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எனக்கு அது சுகமாய் இருந்தது.”

குகநேசனுக்குக் கோபம் வரவேண்டும் போலிருந்தது; வரவில்லை. எத்தனையோ மாதம் சுற்றியுள்ள முகங்களையெல்லாம் கிளறிப் பார்த்தவர், எதிரே இருந்து சோறு போட்ட முகத்தை ஒருதரமும் எடுத்துப் பார்க்கவில்லை. அதை நம்பிக்கை என்று சொல்லலாமா, அல்லது அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. இப்போது பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

மேசை லாச்சியைத் திறந்து பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மேற்கில் சாய்ந்த வெயில் தோட்டத்தில் நிறைந்திருந்தது. முதல் வாழையைக் கட்டிப்பிடித்துத் தண்டின் நடுவில் வெட்டினார். தண்டு எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருந்தது. தண்ணீர் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. இரண்டாவதை வெட்டும்போது வசந்தமலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழுக்க வெட்டப் போறீங்களோ, இவ்வளவு பாடுபட்டு வளர்த்துப்போட்டு என்று கேட்டாள். கிழங்கு இருக்குது, திரும்ப வரும் என்றார். வராமலும் போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். அவள் விழுந்த இலைகளை இழுத்து ஓரமாகப் போட்டாள். ஒட்வாரிடம் போய்ச் சொல்லவேண்டும், யார் சொல்வது, எந்த மொழியில் எதை முதலில் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டே வெட்டினார். அவளும் அதையேதான் யோசிக்கிறாள் என்று பட்டது. ஆனால் அப்படித்தான் என்று இனி அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கடைசி ஆமணக்கும் சாய்ந்தபோது யன்னல் முழுதாகத் தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒட்வார் மேசையில்தான் இருந்தார். முன்பெல்லாம் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும் கதிரையை அவர் மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தார். வெண்ணிறப் பின்தலையும் ஒடுங்கிய தோள்களும் தெரிந்தன. ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். இலைகள் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், கேட்காமலும் இருக்கலாம். குகநேசன் கத்தியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வசந்தமலரும் நின்றாள். வெயில் கண்ணாடியைத் தாண்டி, மேசை விளிம்பில் ஏறி, கிழவரின் கழுத்தில் போய் விழுந்தது. சற்று நேரத்தில் ஒட்வாரின் கை மெல்ல உயர்ந்து, அங்கே ஏதோ பூச்சி வந்து உட்கார்ந்ததுபோல, பிடரியைத் தடவிப் பார்த்தது.