நீலக் கோட்டு

பீரோவின் கடைசித் தட்டையும் தரையில் கவிழ்த்துவிட்டாள் கிறிஸ்டினா. பழைய சேலைகள், போர்வை, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மாட்டும் ஒயர், எல்லாம் விழுந்தன. அப்பாவின் நீலக் கோட்டு மட்டும் இல்லை.

முன்னறையில் அப்பா இன்பராஜைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். காலையில் குழாயடியில் பல் விளக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சாயங்காலம் அடக்கம். அவருக்குப் போட்டுவிட அதற்குள் கோட்டு கிடைத்தாக வேண்டும். கிறிஸ்டினாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் பார்த்ததையே மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

அவர் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் நீலக் கோட்டு என்றால் சூப்பர்வைசர், காக்கிக் கோட்டு என்றால் ஹெல்பர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் ஆளைக் குறைக்க ஆரம்பித்தார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் கேஸாகும். வேலையாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஆகாது. இன்பராஜிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. உடனே காக்கிக் கோட்டை நீட்டி, தரையைக் கூட்டச் சொன்னார்கள். அவர் நேரே லேபர் ஆபீசுக்குப் போனார்.

"நோட்டீஸ் குடுக்காம என்னை இறக்கக் கூடாது. கேஸ் முடியற வரைக்கும் நான் சூப்பர்வைசர்தான்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார். தினமும் நீலக் கோட்டோடு போய், கேட் பக்கத்து ஸ்டூலில் வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். அங்கேயே தையல் மெஷினில் இருந்த கிறிஸ்டினாவுக்கு அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேதனையாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

"அம்மா, கோட்டைச் சலவைக்குத்தானே போட்டிருக்கேன்னு சொன்ன? எந்தக் கடையில?"

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிரவில்லை.

"சலவைக்குப் போடலடி. கம்பெனில குடுத்துட்டேன்."

"இன்னா சொல்ற?"

"எச்.ஆர். நவநீதன் சார் ஆளனுப்பியிருந்தாரு. கோட்டு வரலைன்னா உன்னையும் நிறுத்திடுவோம்னு சொன்னாங்க. நீயாச்சும் வேலைல இருக்கணும்னுதான்..." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அவருக்குத் தெரியாது. இன்னிக்குக் காலைலகூட, சலவை வந்துச்சான்னு கேட்டாரு."

கிறிஸ்டினாவுக்கு ஆத்திரம் வந்தது. கோட்டைத் திருப்பிக் கொடுத்தால் இறக்கியதை ஒத்துக்கொண்ட மாதிரிதான். நாளைக்கு அப்படித்தான் பேசுவார்கள். எதிர்த்துப் பேச அப்பா வரப் போவதில்லை. அம்மாவைத் திட்ட வாயைத் திறந்தாள். அம்மா பெட்டிக்குள் கை விட்டு அப்பாவின் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா தரையில் கிடந்த சேலைகளை மடிக்கப் போனாள்.

கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் அஃப்ரோஸ் வந்தான். அப்பா பார்த்த லைனுக்கு இப்போது அவன்தான் சூப்பர்வைசர். மாலையைப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரம் நின்றான். அக்குளில் எதையோ சுருட்டி மறைத்திருந்தான். ஓரத்தில் நீலம் தெரிந்தது.

கிறிஸ்டினா எழுந்து போனாள். "அதைக் குடுங்கண்ணா."

"இது என் கோட்டும்மா. என் பேரு தச்சிருக்குது."

"பிரிச்சிடறேன்."

அஃப்ரோஸ் வாசலைப் பார்த்தான். கோட்டில்லாமல் திரும்பினால் கேட்டிலேயே கேள்வி வரும். அவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அண்ணனோட எடத்துல நிக்கறது ஒரே பேஜாரா இருக்குதும்மா" என்று சொல்லிக் கோட்டை நீட்டினான்.

அவள் பெட்டியருகே உட்கார்ந்து, பாதி பிளேடால் பாக்கெட் மேலிருந்த பெயரை ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். கம்பெனியில் கோணல் தையலைப் பிரித்துப் பழகிய கைதான். ஆனாலும் இன்று இரண்டு தடவை விரலில் கீறிக்கொண்டது.

பெயர் பாதி போயிருந்தபோது எச்.ஆர். நவநீதன் பெரிய மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். வளையத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டார். பிறகுதான் அவள் மடியைப் பார்த்தார்.

"கிறிஸ்டினா, அது கம்பெனி கோட்டாச்சே."

"ஆமா சார். எங்கப்பாவும் கம்பெனி சூப்பர்வைசர்தான்."

கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நவநீதன் குரலைத் தாழ்த்தினார். "உன் வேலையையும் கொஞ்சம் யோசிச்சுக்கோம்மா."

"அந்தப் பயம் காட்டித்தான் ஒரு கோட்டை வாங்கினீங்க. அதையும் லேபர் ஆபீஸ் ஹியரிங்ல சொல்லுவேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு வேணும்."

"அவரே இல்லையேம்மா."

"நான் இருக்கேன் சார்."

வெளியே போகும்போது அவர் அஃப்ரோஸின் வெறும் சட்டையை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அஃப்ரோஸ் தலையைக் குனியவில்லை.

சட்டை போட்டபோது வளைந்த அப்பாவின் கை இப்போது விறைத்துப்போய்க் கோட்டுக்குள் நுழையவில்லை. முதுகுப் பக்கம் வெட்டித்தான் போட வேண்டியிருந்தது. அம்மாவே கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள். கோட்டு மேலே வந்ததும் ஒவ்வொரு பொத்தானாக அவளே போட்டாள்.

பாக்கெட் மேல், பெயர் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தோலாக இருந்தால் துளை துளைதான். துணி என்றால் நீவ நீவ மூடிக்கொள்ளும்.

பெட்டியைத் தூக்கலாமா என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கிறிஸ்டினா. கட்டை விரல் நகத்தால் துளைகளின் மேல் நீவிக்கொண்டேயிருந்தாள்.